பாட்டுக்கு உரியவர்கள்

1987இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் ஒரு நில வழக்கு விசாரணைக்கு வந்தது. கிட்க்சன், வெட்சுவெட்டென் என்னும் இரு பூர்வகுடி மக்களின் பரம்பரைத் தலைவர்கள் சுமார் 58,000 சதுர கிலோமீட்டர் நிலத்துக்கு உரிமை கோரியிருந்தார்கள். காட்டுவதற்குப் பட்டாவோ பத்திரமோ அவர்களிடம் இல்லை. சாட்சி சொல்ல வந்த கிட்க்சன் மூதாட்டி மேரி ஜான்சன், தன் குலத்துக்குரிய பாட்டொன்றை நீதிமன்றத்தில் பாட வேண்டும் என்றார். அவர்கள் மரபில் அந்தப் பாட்டே ஆவணம். நீதிபதி ஆலன் மெக்கேக்கர்னுக்கு இது பிடிக்கவில்லை. தனக்கு இசை கேட்கும் காது இல்லை, பாடுவதால் பயன் ஏதுமில்லை என்று தடுக்கப் பார்த்தார். மூதாட்டி பாடினார். 1991இல் வந்த தீர்ப்பு அந்த மக்களுக்கு எதிராகப் போயிற்று. 1997இல் கனடாவின் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளி, மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. வாய்மொழி வரலாற்றுக்கும், நிலத்தோடு ஒரு குலத்தைப் பிணைக்கும் பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் சான்று என்ற மதிப்பைத் தராமல் விட்டது பிழை என்றது. டெல்கமூக் தீர்ப்பு என்று சட்டக் கல்லூரிகளில் இன்றும் படிக்கப்படுவது இதுதான். நீதிமன்றம் பத்தாண்டுகளில் கற்றுக்கொண்டதைப் பள்ளிக்கூடத்து இசை வகுப்பு இன்னும் முழுதாகக் கற்கவில்லை. பூர்வகுடிப் பிள்ளைகளை இசைக் கல்வியில் சேர்த்துக்கொள்வது என்றால் அவர்களுடைய பாட்டு இரண்டைப் பாடப் பட்டியலில் சேர்ப்பது என்றே பல பள்ளிகள் எண்ணிக்கொண்டிருக்கின்றன. பாட்டைச் சேர்ப்பது எளிது. அந்தப் பாட்டின் மேல் தனக்கு அதிகாரம் இல்லை என்று பள்ளி ஒப்புக்கொள்வதுதான் கடினம். சேர்த்துக்கொள்வது உண்மையில் தொடங்குவதும் அங்கேதான்.

கனடாவின் 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தங்களைப் பூர்வகுடிகள் என்று சொன்னவர்கள் சுமார் 18 லட்சம் பேர். மொத்த மக்கள்தொகையில் 5 சதவீதம். முதற்குடிகள், மெட்டி, இனுவிட் என்று மூன்று பெரும் பிரிவுகள். முதற்குடிகளுக்குள் மட்டும் 600க்கு மேற்பட்ட சமூகங்கள். இன்னும் பேசப்படும் பூர்வகுடி மொழிகள் 70க்கு மேல். இவர்களின் சராசரி வயது 33.6, மற்றக் கனடியர்களைவிட எட்டு ஆண்டு குறைவு. அதாவது மக்கள்தொகை விகிதம் காட்டுவதைவிட இவர்களுடைய பங்கு வகுப்பறையில் கூடுதல். இவர்களில் 8 லட்சம் பேருக்கு மேல் பெருநகரங்களில் வாழ்கிறார்கள். வின்னிபெக்கிலோ வான்கூவரிலோ ஒரே வகுப்பில் கிரீ மொழிக் குடும்பத்துப் பிள்ளையும், அனிஷினாபே பிள்ளையும், பசிபிக் கடலோரத்திலிருந்து வந்த ஹைடா பிள்ளையும் உட்கார்ந்திருக்கலாம். ‘பூர்வகுடி இசை’ என்று ஒற்றைத் தலைப்பில் இவர்களுக்கு எதைக் கற்பிப்பது என்ற கேள்வியிலேயே பாதிச் சிக்கல் அடங்கிவிடுகிறது.

மீதிப் பாதி வரலாற்றில் இருக்கிறது. பசிபிக் கடலோர மக்கள் பெயர் சூட்டவும், திருமணத்தை உறுதி செய்யவும், உரிமைகளைக் கைமாற்றவும் போட்லாட்ச் என்னும் பெருவிருந்து நடத்துவார்கள். பாட்டும் ஆட்டமும் முகமூடியும் அதன் உயிர். கனடா அரசு 1884இல் இதைத் தடை செய்து சட்டம் இயற்றியது. அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்த தடை 1951 வரை சட்டப் புத்தகத்தில் இருந்தது. 1921இல் வில்லேஜ் தீவில் நடந்த ஒரு போட்லாட்சுக்காகப் பலர் கைதானார்கள். பேச்சு நிகழ்த்தியதும் ஆடியதும் பரிசுப் பொருள் வழங்கியதும் குற்றங்கள். சிறை சென்றவர்கள் உண்டு. முகமூடிகள் பறிமுதலாகி அருங்காட்சியகங்களுக்குப் போயின. இன்னொரு பக்கம் உறைவிடப் பள்ளிகள். பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, தாய்மொழி பேசினால் தண்டித்து வளர்த்த இந்தப் பள்ளிகளில் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் படித்தார்கள். கடைசிப் பள்ளிகள் மூடப்பட்டது 1990களின் பிற்பகுதியில். அங்கெல்லாம் இசை இல்லாமல் இல்லை. தேவாலயப் பாடல்கள், பித்தளை வாத்தியப் பேண்டு, சீருடை அணிந்த அணிவகுப்பு என்று இருந்தது. விருந்தினர் வரும்போது பேண்டு வாசிக்க வைத்து, பாருங்கள், எப்படி நாகரிகப்படுத்திவிட்டோம் என்று காட்டினார்கள். இதில் ஒரு முரணும் உண்டு: அந்த இருண்ட நாட்களில் விளையாட்டும் இசையும் தங்களைத் தாங்கிப் பிடித்ததாக அங்கே படித்தவர்கள் சிலரே, இந்தப் பள்ளிகளை விசாரித்து 2015இல் அறிக்கையை நிறைவுசெய்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்திடம் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே அன்று கற்பித்த இசையைக் கெட்டது என்று ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் பள்ளி இசை என்றால் யாருக்காக, யார் முன்னால், எதை மறப்பதற்காக என்ற நினைவு பல குடும்பங்களில் அப்படியே இருக்கிறது. பாட்டனுக்கு அப்படி வாய்த்த இசை வகுப்புக்குள்தான் இன்று பேத்தி நுழைகிறாள்.

அங்கே அவள் காண்பது என்ன? வட அமெரிக்கப் பள்ளியின் இசைக் கல்வி பேண்டு, கொயர், ஆர்கெஸ்ட்ரா என்ற மூன்று கால்களில் நிற்பது. ஐந்து கோட்டுச் சுரக்குறிப்பைப் படிக்கத் தெரிந்தவன் இசை தெரிந்தவன். பூர்வகுடி என்ற பெயர் அங்கே தலைகாட்டினால், பல தலைமுறையாக அது தொடக்கநிலை பியானோ, பேண்டுப் புத்தகங்களில் வரும் ‘இந்தியன் நடனம்’ என்ற வகையாகவே இருந்தது: முதல் அடி பலமாகவும் அடுத்த மூன்றும் மெல்லவும் விழும் நாலடித் தாளம், மேலே சோகச் சாயலில் ஒரு மெட்டு. கௌபாய்ப் படம் பார்த்த நம் ஊர்க்காரர்களுக்கும் பழகிய தாளம்தான் அது. மேடை நாடகமும் ஹாலிவுட்டும் சமைத்துக் கொடுத்தது. பவ்வாவ் என்னும் பூர்வகுடிக் கூடல் விழாவின் உண்மையான பாட்டைக் கேட்டால் வேறு உலகம். பெரிய முரசைச் சுற்றி உட்கார்ந்து பலர் அடிக்கிறார்கள். குரல் உச்சத்தில் தொடங்கிப் படிப்படியாகக் கீழே இறங்குகிறது. பொருளுள்ள சொற்களோடு அசைச்சொற்களும், சில பாட்டுகளில் அசைச்சொற்கள் மட்டுமே வருகின்றன. குரலின் அடியும் முரசின் அடியும் பல இடங்களில் வேண்டுமென்றே நூலிழை விலகி நிற்கின்றன. அந்த விலகலில்தான் பாட்டின் அழகு. மதிப்பெண் போடும் ஆசிரியர் காதுக்கோ அது தாளம் தப்பியது. வீட்டில் கேள்வியாலேயே ஐம்பது பாட்டு கற்ற பிள்ளை, சுரக்குறிப்புத் தேர்வில் இசை தெரியாதவள் ஆகிவிடுகிறாள். இது ஒரு வகைப் புறக்கணிப்பு. இன்னொரு வகை இதற்கு நேர் எதிரானது: ‘உங்கள் பண்பாட்டைப் பற்றி நீயே சொல்லேன்’ என்று திடீரென்று பிள்ளையை எழுப்பி நிறுத்துவது. தாத்தா பாட்டியிடமிருந்தே பறிக்கப்பட்ட ஒன்றைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை எங்கிருந்து எடுத்துச் சொல்லும்? கண்டுகொள்ளாமல் விடப்படுவதும் காட்சிப்பொருள் ஆக்கப்படுவதும் மாறி மாறி நடப்பதுதான் பல மாணவர்களின் அனுபவம்.

நல்லெண்ணமுள்ள ஆசிரியர்கள் இதைச் சரிசெய்ய முதலில் செய்வது ஒரு பூர்வகுடிப் பாட்டைத் தேடி எடுத்து வகுப்பில் எல்லோரையும் பாட வைப்பது. இங்கேதான் மேரி ஜான்சன் நீதிமன்றத்துக்குச் சொன்னது நினைவில் இருக்க வேண்டும். வடமேற்குக் கடலோரத்தில் பாட்டு குடும்பத்தின் சொத்து. யார் பாடலாம், எந்த நிகழ்வில் பாடலாம், யாருக்குக் கைமாற்றலாம் என்பதற்கு வரையறை உண்டு. நம் ஊர்த் திருவிழாவில் பரிவட்டம் கட்டிக்கொள்ளும் உரிமை ஒரு குடும்பத்துக்கு இருக்கும்போது, துணி அழகாக இருக்கிறதே என்று வெளியூர்க்காரர் ஒருவர் எடுத்துக் கட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தால் விளங்கும். வியன்னாவில் படித்து, நாஜிகளிடமிருந்து தப்பி வான்கூவருக்கு வந்த இசையறிஞர் ஐடா ஹல்பெர்ன் 1940களின் இறுதியில் தொடங்கி, குவாக்வாகாவாக்கு தலைவர்கள் பில்லி அசு, முங்கோ மார்ட்டின் ஆகியோரிடம் நூற்றுக்கணக்கான பாட்டுகளைப் பதிவு செய்தார். அவர் தொடங்கியபோது போட்லாட்ச் தடை நடப்பில் இருந்தது. அடுத்த தலைமுறை கற்க முன்வராமல் போய்விடுமோ என்ற கவலையில் அந்தத் தலைவர்கள் பாடிக் கொடுத்தார்கள். காப்பாற்றி வைக்கச் சொல்லிக் கொடுத்ததை யாரும் எடுத்துப் பாடலாம் என்ற அனுமதியாகக் கொள்ள முடியாது. ஸ்டோலோ சமூகத்தைச் சேர்ந்த ஆய்வாளர் டிலன் ராபின்சன் 2020இல் வெளியிட்ட ‘ஹங்கிரி லிசனிங்’ நூலின் மையமே இதுதான். பாட்டு என்பது அவர்களுக்குச் சட்டம், மருந்து, வரலாறு. குடியேறியவர்களின் காது அதை அழகுப் பொருளாக மட்டும் கேட்டு விழுங்கப் பார்க்கிறது என்கிறார்.

இதற்கு உடனே வரும் மறுப்பு, இசைக்கு எல்லை ஏது என்பது. நல்ல பாட்டு எல்லோருக்கும் பொது, அதைப் பூட்டி வைப்பது கலைக்கே எதிரானது என்பார்கள். கேட்க இனிமையான வாதம். ஆனால் இதைச் சொல்லும் அதே பள்ளியின் அலமாரியில் விலை கொடுத்து வாங்கிய சுரத்தாள்கள் இருக்கின்றன. பதிப்புரிமை உள்ள கொயர் பாட்டை நகலெடுக்கக் கூடாது என்று ஆசிரியருக்குத் தெரியும். பிராட்வே இசைநாடகம் ஒன்றை ஆண்டுவிழாவில் போட வேண்டுமானால் உரிமக் கட்டணம் கட்டித்தான் போடுகிறார்கள். பாட்டுக்கு உரிமையாளர் உண்டு, கேட்டுத்தான் பாட வேண்டும் என்பது பள்ளிக்குப் புதிய கருத்தே இல்லை. எழுதி அச்சிட்ட உரிமையை மதிக்கும் காது, விருந்து மண்டபத்தில் நூறு சாட்சிகள் முன்னால் உறுதியான உரிமையை மட்டும் மதிக்க மறுக்கிறது. எல்லை எல்லா இசைக்கும் உண்டு. யாருடைய எல்லை கண்ணுக்குத் தெரிகிறது என்பதில்தான் வேறுபாடு.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கனமானது. இப்படி ஒவ்வொன்றுக்கும் அனுமதி வேண்டும் என்றால் ஆசிரியர்கள் பயந்துபோய் எதையும் தொட மாட்டார்கள், கடைசியில் மொத்தமாக மௌனம்தான் மிஞ்சும் என்கிறார்கள். பயம் கற்பனையல்ல. 2016இல் டொரண்டோ பள்ளி ஒன்றின் இசைநிகழ்ச்சியில் ‘லேண்ட் ஆஃப் த சில்வர் பிர்ச்’ என்ற பழைய கோடைமுகாம் பாட்டு பாடப்பட்டது. அது பூர்வகுடிகளை இழிவுபடுத்தும் பாட்டு என்று பள்ளி நிர்வாகம் பெற்றோரிடம் வருத்தம் தெரிவித்தது. பாட வைத்த ஆசிரியர் மானநட்ட வழக்குப் போட்டார். பாட்டு இனவெறிப் பாட்டா இல்லையா என்று செய்தித்தாள்களில் விவாதம் நடந்தது. இதைப் படித்த வேறு பள்ளி ஆசிரியர் ‘நமக்கேன் வம்பு’ என்று ஒதுங்கினால் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் இந்தப் பயத்துக்கு மருந்து விதியைத் தளர்த்துவதில் இல்லை. அந்தப் பாட்டு முகாம்களில் பாடப் பிறந்தது. பூர்வகுடிகளைப் பற்றிய கற்பனையே தவிர அவர்களிடமிருந்து வந்ததல்ல. ஆசிரியரும் நிர்வாகமும் தங்களுக்குள்ளேயே சரி, தவறு பார்த்துக்கொள்ளும் ஏற்பாட்டில் பயம்தான் வளரும். அந்த நிலத்துக்குரிய சமூகத்தோடு பள்ளிக்கு நிலையான உறவு இருந்தால், எது எல்லோரும் பாடலாம் என்று தரப்பட்டது, எது சடங்குக்கு மட்டும் உரியது, எது பனிக்காலத்தில் மட்டும் பாட வேண்டியது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இருப்பார். பகிர்வதற்கென்றே இயற்றப்பட்ட பாட்டுகள் நிறைய உண்டு. இயற்றியவர்கள் பலர் உயிரோடு, கேட்டால் பதில் சொல்லும் நிலையில் இருக்கிறார்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவின் முதற்குடிகள் கல்விக் குழு வகுத்து, மாகாணப் பாடத்திட்டமும் ஏற்றுக்கொண்ட கற்றல் கோட்பாடுகளில் ஒன்று, சில அறிவு புனிதமானது, அனுமதியோடும் உரிய சூழலிலும் மட்டுமே பகிரப்படுவது என்கிறது. ஒரு பிள்ளைக்கு ‘இந்தப் பாட்டு நாம் பாடக் கூடாதது, காரணம் இது’ என்று சொல்லிக் கொடுப்பதும் இசைப்பாடம்தான். மெட்டைக் கற்பதைவிட அதில் கற்பது கூடுதல் என்றுகூடச் சொல்லுவேன்.

மூன்றாவது மறுப்பு பூர்வகுடி இளைஞர்களிடமிருந்தே வருவது. இதைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன். எங்களுக்கு ராப் வேண்டும், கிதார் வேண்டும், எங்களை ஏன் முரசோடு கட்டிப்போடுகிறீர்கள் என்பது. நியாயம். மரபு என்பதைத் தூய்மை என்று புரிந்துகொண்டால் அது இன்னொரு கூண்டாகிவிடும். மெட்டி மக்களின் பிடில் இசையை எடுத்துக்கொள்ளலாம். ஸ்காட்லாந்து, பிரெஞ்சு விலங்குத்தோல் வணிகர்கள் கொண்டுவந்த வாத்தியம்; மெட்டி மக்கள் கையில் அது ஒழுங்கான எட்டடிக் கணக்கை மீறும் வரிகளும், உட்கார்ந்தபடியே இரு காலாலும் போடும் தாளமுமாக வேறொன்றாயிற்று. வடக்கு மனிடோபாவின் ஃபிரன்டியர் பள்ளிப் பிரிவு 1990களிலிருந்து எட்டாத தொலைவிலுள்ள ஊர்களில்கூடப் பிள்ளைகளுக்குப் பிடில் கற்றுக்கொடுத்து வருகிறது. அந்த ஊர்களில் பழைய பிடில் நினைவு இருந்ததால் தாத்தாக்களுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் நடுவே அறுந்த இழை ஒன்று சேர்ந்தது. ந்வெ ஜினான் என்ற நடமாடும் ஒலிப்பதிவுக் குழு கியூபெக்கின் கிரீ ஊர்களில் தொடங்கி, பள்ளிப் பிள்ளைகளையே பாட்டெழுதிப் பாட வைத்துப் பதிவு செய்கிறது. ஆற்றில் கலந்த பாதரசத்தால் தலைமுறைகளாக நோய் சுமக்கும் கிராஸி நாரோஸ் சமூகத்தின் மாணவர்கள் 2016இல் அவர்களோடு செய்த ‘ஹோம் டு மீ’ ஹிப்ஹாப் பாட்டுதான். அதைவிடப் பூர்வகுடிப் பாட்டு எது? டோபிக் முதற்குடிச் சமூகத்தைச் சேர்ந்த ஜெரமி டச்சர் ஹாலிஃபாக்ஸின் டல்ஹவுசி பல்கலைக்கழகத்தில் மேற்கத்திய இசை படித்த பாடகர். தன் வோலாஸ்டோக்கி மக்களின் பாட்டுகளைத் தேடி அவர் போக வேண்டியிருந்தது அருங்காட்சியகத்துக்கு. நூறாண்டுக்கு முன் மெழுகு உருளைகளில் பதிவானவை அங்கே இருப்பதாகச் சொல்லி அனுப்பியவர் மூதாட்டி ஒருவர். அந்தக் குரல்களோடு தன் குரலையும் பியானோவையும் சேர்த்து அவர் செய்த தொகுப்பு 2018இல் போலாரிஸ் பரிசு பெற்றது. ஓபரா பயிற்சி அவரைத் தன் மக்களிடமிருந்து பிரித்துவிடவில்லை. தன் மக்களின் பாட்டைத் தேட அவர் வகுப்பறைக்கு வெளியே போக வேண்டியிருந்தது என்பதுதான் குறை. ஆக, எந்த இசை என்ற தேர்வைப் பிள்ளையிடம் விடுவதும், எந்தப் பாட்டு யாருடையது என்பதைச் சமூகத்திடம் கேட்பதும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. இரண்டிலும் பள்ளி பிடியைத் தளர்த்த வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

பிடியைத் தளர்த்துவதில் உண்மையாகவே முள்ளாகக் குத்தும் இடம் ஒன்று உண்டு. பல சமவெளிச் சமூகங்களில் பவ்வாவ் பெருமுரசை ஆண்கள் மட்டுமே அடிப்பது வழக்கம். பெண்கள் பின்னால் நின்று குரல் சேர்ப்பார்கள், கைமுரசு அவர்களுக்கு உண்டு. பெண் பிள்ளையிடம் இந்த வாத்தியத்தைத் தொடாதே என்று ஒரு அரசுப் பள்ளி சொல்ல முடியுமா? முடியாது என்றே நினைக்கிறேன், சொல்லவும் கூடாது. ஆனால் அந்தச் சமூகங்களுக்குள்ளேயே இது தீர்ந்த விஷயமல்ல. பெண்கள் மட்டுமே அடிக்கும் முரசுக் குழுக்கள் இன்று பவ்வாவ்களில் உண்டு. பெரியவர்களில் ஏற்பவரும் மறுப்பவரும் இருக்கிறார்கள். பள்ளி தானே நீதிபதியாகி ஒரு பக்கத் தீர்ப்பை அறிவிப்பதைவிட, அந்த விவாதத்தை மாணவர்கள் காதுக்கு எட்டச் செய்து, எல்லோரும் சேர்ந்து வாசிக்கத் தடையில்லாத வாத்தியத்தை வகுப்புக்குத் தேர்ந்தெடுப்பது நேர்மையான வழி. இனுவிட் பெண்களின் கட்டஜாக் என்னும் தொண்டைப் பாட்டு இதற்கு மறுமுனை. இரண்டு பெண்கள் எதிரெதிரே நின்று மூச்சாலும் குரலாலும் போட்டியிடும் விளையாட்டு அது. மிஷனரிகள் ஒடுக்கியதால் மறையும் நிலைக்குப் போய், பெண்களாலேயே மீட்கப்பட்டது; 2014இல் கியூபெக் அரசு அதைத் தன் மரபுச் செல்வமாக அறிவித்தது.

அதிகாரத்தைப் பகிர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நியூசிலாந்து ஓர் உதாரணம். ஆக்லாந்தில் 1976இல் சில பள்ளிகளோடு தொடங்கிய பாலிஃபெஸ்ட் விழாவில் மாவோரி, பசிபிக் தீவுப் பிள்ளைகள் தங்கள் பாட்டையும் ஆட்டத்தையும் பள்ளிக் குழுக்களாக மேடையேற்றுகிறார்கள். இன்று அது பல்லாயிரம் பேர் கூடும் திருவிழா. கப்பா ஹாக்கா என்னும் மாவோரிப் பாட்டும் ஆட்டமும் வகுப்புக்கு வெளியே நடக்கும் பொழுதுபோக்காக மட்டும் நின்றுவிடவில்லை. தே ஆவோ ஹாக்கா என்ற பெயரில் உயர்நிலைப் பள்ளித் தகுதித் தேர்வின் பாடமாகவே ஆகியிருக்கிறது. பாட்டு, ஆட்டம், மொழி, வரலாறு எல்லாம் ஒரே பாடம். மாவோரி அறிவை அளக்க மாவோரி அளவுகோல். நியூசிலாந்துக்கு ஒரே பூர்வகுடி மொழி, ஒரே ஒப்பந்தம் என்ற வசதி உண்டு. 70 மொழி கொண்ட கனடா அதை அப்படியே நகலெடுக்க முடியாது. ஆனால் மதிப்பெண்ணும் மணிநேரமும் ஒதுக்கப்படாத இசை பள்ளியில் விருந்தாளியாகவே இருக்கும் என்பது இரு நாட்டுக்கும் பொது.

கனடாவில் நடைமுறைத் தடைகளும் சின்னவை அல்ல. ஒன்டாரியோவின் அட்டவாபிஸ்கட் சமூகத்தின் தொடக்கப்பள்ளி நிலத்தில் டீசல் கசிந்து மூடப்பட்டது 2000இல். புதிய கட்டடம் திறந்தது 2014இல். இடையில் பிள்ளைகள் தற்காலிகக் கூடங்களில் படித்தார்கள். அத்தகைய ஊரில் இசை அறை பற்றிப் பேசுவதே கேலி போலத் தோன்றும். நகரத்துப் பள்ளிகளில் குறை வேறு: பாட்டறிந்த பெரியவரைப் பூர்வகுடி வரலாற்று மாதத்தில் ஒரு நாள் மட்டும் பள்ளிக்கு அழைத்து, அன்பளிப்புக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். ஆசிரியர் சான்றிதழ் இல்லாததால் மதிப்பெண் போடும் அதிகாரம் அவருக்கு வராது. பாட்டு அவருடையது, தேர்வு இன்னொருவருடையது. டொரண்டோவின் ஸ்கார்பரோ பகுதி வகுப்புகளில் இத்தகைய பெரியவரைக் கேட்கும் பிள்ளைகளில் ஈழத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். நூல்நிலையமும் மொழியும் பறிபோவது என்றால் என்னவென்று வீட்டிலேயே கேட்டு வளர்ந்தவர்களுக்கு, அவர் சொல்வது மற்றவர்களைவிடச் சீக்கிரம் புரியக்கூடும்.

உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் 94 பரிந்துரைகளில் 62ஆவது, பூர்வகுடி அறிவையும் கற்பிக்கும் முறைகளையும் வகுப்பறைக்குள் கொண்டுவரும் வழியை ஆசிரியர்களுக்குக் கற்றுத்தர நிதி கேட்கிறது. பிரிட்டிஷ் கொலம்பியா இன்னும் ஒரு படி மேலே போய், 2023-24 கல்வியாண்டு முதல் ஒவ்வொரு மாணவரும் பூர்வகுடிகளை மையமாகக் கொண்ட பாடத்தில் 4 கிரெடிட் பெற்றால்தான் உயர்நிலைப் பள்ளியை முடிக்க முடியும் என்று விதித்திருக்கிறது. இதற்கென மாகாணம் வகுத்துத் தந்த பாடங்கள் பெரும்பாலும் இலக்கியம், வரலாறு, சமூகம், பூர்வகுடி மொழிகள் சார்ந்தவை. இசையை அந்தக் கணக்கில் கொண்டுவர வேண்டுமானால் உள்ளூர்க் கல்வி வாரியமே ஒரு பாடத்தை எழுதி ஒப்புதல் தர வேண்டும். அப்படி எழுத விதியில் இடம் இருக்கிறது. எந்தப் பாட்டை அதில் வைக்கலாம், யார் கற்பிப்பார், யார் மதிப்பெண் போடுவார் என்பதை வாரியம் தன் அலுவலகத்தில் உட்கார்ந்து முடிவு செய்ய முடியாது. அந்த நிலத்துக்குரிய சமூகத்தின் மண்டபத்துக்குப் போய்க் கேட்க வேண்டும். வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் அந்தப் பதிலையும் பாடத்திட்டத்தில் எழுதிக்கொண்டு திரும்ப வேண்டும்.